கப்பல் வரிசை

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் இருக்கும் ராஜமாணிக்கத்தின் ஹாலோபிளாக் கம்பெனியில் சிமென்ட் குடோன் சாவி பொன்னுத்துரையின் இடுப்பில்தான் தொங்கும். முதலாளியிடமும் ஒன்று உண்டு என்பார்கள். அதை எங்கே வைத்தோம் என்பதே முதலாளிக்கு மறந்து வெகுநாளாகிறது. அவ்வளவு நம்பிக்கை.

லோடு இறக்கும் ஆளாக வந்து சேர்ந்தவர் பொன்னுத்துரை. பிறகு மிக்ஸருக்குப் போனார், பிறகு கல் போடும் மெஷினுக்கு, கடைசியில் குடோனுக்கு. நாற்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரில் இருப்பவர் மேற்கொண்டு பேச முடியாத மாதிரி பேசி முடித்துவிடுவார்.

ஹாலோபிளாக் என்னும் சிமென்ட் கல் போட ஜல்லியும் கல்பொடியும் போர்ட் பிளேர் பக்கத்திலேயே கிடைத்துவிடும். சிமென்ட் மட்டும் கடல் தாண்டி வர வேண்டும். சென்னையில் கப்பலில் இடம் கிடைத்து, மூட்டை ஏறி, கடலும் மனசு வைத்து, ஹாடோ துறைமுகத்தில் வரிசையில் நின்று இறங்குவதற்குள் இங்கே இருப்பவர்களின் பிராணன் போய்விடும். அதனால் தீவில் யார் வீட்டிலும், யார் கடையிலும், எதையாவது கொஞ்சம் பதுக்கி வைக்கும் பழக்கம் உண்டு. பொன்னுத்துரை பதுக்கியது சிமென்ட்.

குடோனின் பின்சுவரை ஒட்டிப் பலகை போட்டு, அதன்மேல் நெஞ்சு உயரத்துக்கு மூட்டைகளை அடுக்கி, நீலத் தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி வைத்திருந்தார். லோடுமேன்கள் அதற்குக் கப்பல் வரிசை என்று பெயர் வைத்தார்கள். கப்பல் வராத காலத்துக்கு என்று வைத்த வரிசை. புதுச் சிமென்ட் வந்தால் முன்பக்கம் அடுக்குவார்கள், முன்பக்கத்திலிருந்தே எடுப்பார்கள். பின்சுவர்ப் பக்கம் யாரும் போகக் கூடாது.

அவர் தெற்கே நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கட்சாலில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். இவரும் கத்தி பிடித்து ரப்பர் பால் எடுத்தவர்தான். சுனாமி வந்து போனபோது மிஞ்சியவர்கள் மேட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தங்கினார்கள். கப்பல் வரும்வரை அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சியது, எவரோ வீட்டில் மேலே ஏற்றி வைத்திருந்த ஓர் அரிசி மூட்டையில். அது யாருடைய மூட்டை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டில் ஆள் யாரும் மிஞ்சவில்லை.

ஆகவே வரிசை விஷயத்தில் அவரிடம் வாதாட முடியாது. போதாக்குறைக்கு, கொரோனா காலத்தில் கப்பல் நின்றுபோனபோது டாலிகஞ்ச் பக்கம் எல்லாக் கம்பெனியும் மூடிக் கிடக்க, ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் மட்டும் மிக்ஸர் சுற்றியது. அந்த வரிசை கொடுத்த சிமென்ட். கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்ததும் பொன்னுத்துரை செய்த முதல் வேலை, வரிசையைப் பழையபடி நிரப்பித் தார்ப்பாய் கட்டியது. அதற்குப் பிறகு அவிழ்க்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் அகிலா வந்து சேர்ந்தாள்.

தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர்ப் பெண். மெயின்லேண்டில் என்ஜினியரிங் படித்து, ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சில வருடம் இருந்துவிட்டு, கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்கு வந்தவள். அப்போது ராஜமாணிக்கத்துக்கு நேரம் சரியில்லை. கல் உடைகிறது, சொன்ன நாளில் வரவில்லை என்று கான்ட்ராக்டர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அகிலாவை வேலைக்கு எடுத்து, "எல்லாத்தையும் நீயே பாத்துச் சரி பண்ணும்மா" என்று யார்டைக் காட்டிவிட்டார்.

அவள் கொண்டுவந்த முறைக்கு லீன் என்று பெயர். வீணாகப் போவதைக் கண்டுபிடித்து நிறுத்துவது என்று ஆட்களிடம் சொன்னாள். வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் சரக்கு. முதல் நாள் அவள் செய்ததெல்லாம், யார்டின் நடுவில் வந்து நின்றதுதான். காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை நின்ற இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிக்ஸர் ஓட்டும் சிலுவைராஜ், தூத்துக்குடிப் பக்கத்து ஆள், பொன்னுத்துரையிடம் வந்து கேட்டான்.

"அந்தப் பிள்ளைய மொதலாளி ஏதும் ஏசிட்டாவளா? காலையில இருந்து நிக்கி."

"வேல பாக்குது."

"நிக்கது ஒரு வேலயா?"

பொன்னுத்துரைக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அவள் நின்றது வீண்போகவில்லை. கல்பொடிக் குவியலை மிக்ஸருக்கு அருகில் மாற்றச் சொன்னாள். தள்ளுவண்டி யார்டைச் சுற்றி வந்த வழி பாதியாகக் குறைந்தது. போட்ட கல்லின் மேல் தேதியைச் சாக்பீஸால் எழுத வைத்தாள். அதுவரை ஈரம் காயாத பச்சைக் கல்லையும் நன்றாக நனைந்து இறுகிய கல்லையும் கலந்துகட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடையாமல் என்ன செய்யும்? கெட்ட சரக்கைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் மெஷினை நிறுத்தலாம், கேள்வி கேட்க மாட்டோம் என்றும் ஒரு சட்டம் போட்டாள். அதை மட்டும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. கையில் சிமென்ட் இருக்கும்போது மிக்ஸரை நிறுத்துவதாவது. இருக்கும்போது ஓட்டித் தள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய வழக்கம்.

கல் உடைவது குறைந்ததும் பொன்னுத்துரைக்கு அவள்மேல் மரியாதை வந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தள்ளுவண்டியைப் பழைய வழியில் யாராவது ஓட்டினால் அவர்தான் முதலில் சத்தம் போட்டார்.

பிறகு சிவப்புச் சீட்டு நாள் வந்தது. வெகுநாளாகப் பயன்படாமல் கிடக்கும் எல்லாவற்றின்மேலும் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும்; யாரும் காரணம் சொல்லிக் கேட்காவிட்டால் அது பழைய இரும்புக்குப் போகும். அன்றைக்கு வெளியே வந்த சாமான்களைப் பார்த்து ராஜமாணிக்கமே அசந்துபோனார். சிலுவைராஜின் அலமாரிக்குப் பின்னாலிருந்து மிக்ஸர் பெல்ட்டுகள் ஒரு கட்டு வந்தன. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஆட்கள் தங்கும் அறையில் கட்டிலுக்கடியில் பேரிங்குகள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழு மோட்டார். யாரும் திருடவில்லை. பெல்ட் அறுந்தால் அடுத்த கப்பல்வரை உட்கார வேண்டுமே என்று அவரவர் கையிருப்பு.

அகிலா கடைசியாகக் குடோனுக்கு வந்தாள். பின்சுவரில் நீலத் தார்ப்பாயைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எப்ப வந்த சிமென்ட்?"

"இது கப்பல் வரிசை மேடம். கை வைக்கக் கூடாது."

"கை வைக்கலண்ணா. எப்ப வந்ததுன்னுதான் கேட்டேன்."

"வந்தப்ப வந்தது."

அவள் ஒரு சீட்டை எடுத்துத் தார்ப்பாயில் ஒட்டினாள். அவர் அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விஷயம் முதலாளியிடம் போயிற்று.

"அகிலா, மத்தது எல்லாத்துலயும் உன் இஷ்டம். அவர் வரிசைப் பக்கம் மட்டும் போகாத" என்றார் ராஜமாணிக்கம். "கொரோனாவுல நம்ம கஞ்சி குடிச்சதே அதனாலதான்."

அகிலா கோபித்துக்கொள்ளவில்லை. பொன்னுத்துரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் அத எடுத்துடுங்கன்னு சொல்லலண்ணா. நானும் திக்லிபூர்க்காரிதான். கப்பல் வரலன்னா எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். கையிருப்பு இருக்கட்டும். ஆனா புதுசு வந்தா அது பின்னால போகட்டும், பின்னால இருக்கறது மிக்ஸருக்கு வரட்டும். சுத்திக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். டீக் ஹை?"

"டீக் ஹை மேடம்."

சரி என்று சொன்னாரே தவிர, செய்யவில்லை. சுற்றிவிடுவது என்றால் ஒவ்வொரு கப்பலுக்கும் அத்தனை மூட்டையையும் தூக்கி மாற்ற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஒருமுறை ஆள் கை பட்டுவிட்டால் அந்த வரிசை வரிசையாக இருக்காது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு என்று உருவிவிடுவார்கள், அவசரத்துக்குப் பார்த்தால் வெறும் பலகை இருக்கும் என்று அவருக்குப் பயம். சிமென்ட் பழசானால் இறுகிப்போகும் என்பது சிமென்ட் குடோனிலேயே தலை நரைக்க ஆரம்பித்த மனிதருக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். தார்ப்பாய் கட்டியிருக்கிறோம், பலகை போட்டிருக்கிறோம், நம்முடையது கெடாது என்று ஒரு எண்ணம். காலையில் குடோனைத் திறந்ததும் அந்த நீலத்தை ஒரு பார்வை பார்ப்பார். மனசுக்குத் தெம்பாக இருக்கும். திறந்து பார்த்தால் அந்தத் தெம்பு என்ன ஆகுமோ, அதனால் திறக்கவில்லை.

அடுத்த வருடம் தொடக்கத்தில் கட்சாலிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே சின்னதாக ஒரு சுகாதார நிலையம் கட்டுகிறார்கள். பிரசவ அறை, மருந்து அறை, ஆபீஸ் என்று சில அறைகள். கல் முழுக்க ராஜமாணிக்கத்தின் கம்பெனியிலிருந்து. பொன்னுத்துரையின் அக்கா வைஜெயந்தி கட்சாலிலேயே தங்கிவிட்டவள், அங்கே ஆஷா பணியாளர். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அலைவதுதான் அவள் வேலை. மழையில் ஜீப் கிடைக்காமல், வலியில் துடிக்கும் பெண்ணைத் தார்ப்பாய்க்குக் கீழே கிடத்திப் பிள்ளை எடுத்த கதையை அவள் போனில் சொல்லும்போதெல்லாம் பொன்னுத்துரை கேட்டுக்கொண்டிருப்பார். ஆர்டர் வந்த அன்று அவரே போன் போட்டார்.

"அக்கா, ஒங்க கட்டடத்துக்குக் கல்லு நம்ம கம்பெனியிலதான். மழைக்கு முன்னுக்கு வந்திரும். நான் பாத்துக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டார். கல்லை ஏற்றிப்போகும் பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு, மே மாதத்துக்கு முன் ஒருமுறைதான் தெற்கே போகும். அதற்குப் பிறகு கடல் கொந்தளிக்க ஆரம்பித்தால், மழை ஓயும்வரை அந்தப் பக்கம் சரக்குப் போகாது. கல் போட்டதும் ஏற்றவும் முடியாது, வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றி இறுக வைக்க வேண்டும். அகிலா எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, எந்த வாரத்துக்குள் கடைசிக் கல் விழ வேண்டும் என்று போர்டில் எழுதி வைத்தாள்.

பாதி ஆர்டர் முடிந்திருந்தபோது, அடுத்த சிமென்டை ஏற்ற வேண்டிய கப்பல் சென்னையில் இன்ஜின் கோளாறில் நின்றது. வேறு கப்பல் வருகிறது என்றார்கள். பிறகு அதிலும் இடமில்லை என்றார்கள். குடோனின் முன்பக்கம் காலியானது. ராஜமாணிக்கம் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"இப்பத்தான் பொன்னுத்துரை, உங்க வரிசைக்கு வேல வந்திருக்கு."

பொன்னுத்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த நாளுக்குத்தானே வைத்தது. அதுவும் தன் ஊருக்குப் போகிற கல்லுக்கு. சிலுவைராஜ், ராஞ்சி ஆட்கள், அகிலா எல்லோரும் பார்த்திருக்க, தானே கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினார். மேல் மூட்டையைத் தூக்கப் போனார். அது சாக்கு மாதிரி வளைந்து கொடுக்கவில்லை. பாறைத் துண்டு மாதிரி விறைப்பாக எழுந்தது. கீழே போட்டார். தரை அதிர்ந்தது, மூட்டை அப்படியே கிடந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. சுவரை ஒட்டி இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கல்லாகியிருந்தன.

அகிலாவாவது "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். அவள் ஒரு மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, "நானும் அன்னிக்கே குத்திப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். பொன்னுத்துரைக்கு அவமானமாக இருந்தது. இத்தனை காலம் காவல் காத்தது கல்லைத்தானா என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

சிலுவைராஜ்தான் வழி சொன்னான். மேல் அடுக்கு மூட்டைகளைக் கடப்பாரையால் உடைத்துப் பார்த்தால், நடுவில் கொஞ்சம் தூளாக இருந்தது.

"இடிச்சுச் சல்லடையில அரிச்சிருவோம்ணே. சிமென்ட் பங்கு கூடப் போட்டா கல்லு நின்னுக்கிடும். ஊர் உலகத்துல செய்யாததையா செய்யுதோம்?"

அவன் சொன்னது பொய்யில்லை. தொழிலில் பலரும் செய்வதுதான். ராஜமாணிக்கம் அகிலாவைப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணாம என்னால சொல்ல முடியாது சார். டெஸ்ட் முடியறதுக்குள்ள பார்ஜ் போயிரும்."

முதலாளி பொன்னுத்துரை பக்கம் திரும்பினார். "உங்க ஊருக்குப் போற கல்லு. நீங்களே சொல்லுங்க."

பொன்னுத்துரை அக்காவை நினைத்தார். வாக்குக் கொடுத்ததை நினைத்தார். "அரிங்க" என்றார்.

இடித்தார்கள், அரித்தார்கள். மிக்ஸர் சுற்றியது. மெஷின் கல் போட ஆரம்பித்தது. வரிசையாகத் தரையில் உட்கார்ந்த புதுக் கற்களைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அதே சாம்பல் நிறம், அதே விளிம்பு. தண்ணீர் ஊற்றி, தேதி எழுதி, பார்ஜில் ஏற்றிவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டுகிற கொத்தனாராலும் முடியாது. உள்ளே படுத்திருக்கப்போகிற பெண்ணாலும் முடியாது. மாதத்துக்கு ஒருமுறையாவது பூமி ஆடிப் பார்க்கிற தீவு அது. யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் பொன்னுத்துரையை அங்கே நிற்க விடவில்லை.

போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

மிக்ஸர் முனகி நின்றது. "கரன்ட் போச்சா?" என்று சிலுவைராஜ் கேட்டான்.

"நான்தான் நிப்பாட்டினேன். இது போகாது."

"பார்ஜு?" என்றார் ராஜமாணிக்கம்.

"நல்ல கல்லு எவ்வளவு இருக்கோ அத ஏத்துங்க மொதலாளி. இதுல ஒண்ணுகூடப் போகக் கூடாது."

ராஜமாணிக்கத்தின் முகம் சுருங்கிப்போயிருந்தது. பில் பாதியாகும், பேரும் கெடும். ஆனால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அகிலா போட்ட சட்டம் போட்டதுதானே. மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஆபீஸ் பக்கம் நடந்தார். பொன்னுத்துரை மண்வெட்டியை எடுத்து, போட்டிருந்த ஈரக் கற்களைத் தானே சிதைத்து வாரிக் கொட்டினார். சிலுவைராஜ் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டான்.

பார்ஜ் பாதிச் சரக்கோடு போயிற்று. அது போன மறுவாரமே சிமென்ட் கப்பல் ஹாடோவுக்கு வந்து நின்றது. இதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் லோடுமேன்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். இறுகிப்போன மூட்டைகளை உடைத்துக் கேட் பக்கத்துப் பள்ளத்தில் போட்டு நிரப்பியாகிவிட்டது. காலியாக இருந்த பின்சுவரைக் காட்டிப் பொன்னுத்துரை, "புதுசுல பாதி இங்க. அடுத்த கப்பல் வந்தோடன இது மிக்ஸருக்குப் போயிரணும், வாரது இங்க வரணும்" என்றார். தார்ப்பாய் வேண்டாமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம், கண்ணுக்குத் தெரியட்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் செய்தார், அக்காவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. தைரியம் வரவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, பார்ஜு வந்திருச்சு. எண்ணிப் பாத்தா பாதிதான் இருக்குங்கிறாங்க. மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்லக்கா. அவ்வளவுதான்."

"மழைக்கு முன்னுக்கு வேற பார்ஜு இல்லன்னு நீதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"சிமென்ட் இல்லியா?"

"இருந்திச்சு. கெட்டுப்போச்சு."

"அது எப்பிடிக் கெடும்? யாரு பொறுப்புல இருந்திச்சு?"

கப்பல் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகியது என்றோ, முதலாளி சரியில்லை என்றோ சொல்லியிருக்கலாம். அக்கா எதைச் சொன்னாலும் நம்புவாள்.

"என் பொறுப்புலதான். நான்தான் வெச்சிருந்தேன்."

"என்னத்துக்குக் கெடுறவரைக்கும் வெச்சிருந்த?"

"கப்பல் வராட்டி வேணுமேன்னு."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டட்டும் என்றிருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் ஏதோ கேட்பதும், அக்கா அவளிடம் நிக்கோபாரி மொழியில் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"வந்த கல்லு பக்காவா? நிக்குமா?"

"நிக்கும்க்கா. நான் பாத்து ஏத்தினது."

"அதுல எத்தன ரூமு எழும்பும்?"

"ஒண்ணு முழுசா எழும்பும். ரெண்டாவது பாதியில நிக்கும்."

"அச்சா. அப்ப பிரசவ ரூம மொதல்ல எழுப்பச் சொல்றேன். கான்ட்ராக்டர் ஆபீஸுல இருந்து ஆரம்பிக்கலாம்னு நிக்கிறான், நான் போய்ப் பேசிக்கிறேன். ஆபீஸு மழை நிக்கிறவரைக்கும் காத்துக் கெடக்கும். புள்ளைங்க காத்துக் கெடக்காது."

பொன்னுத்துரை சரி அக்கா என்றார். அவள் அதற்குள் போனை வைத்துவிட்டாள்; கான்ட்ராக்டரைப் பிடிக்கப் போயிருப்பாள்.